காலி எடை

புளியரை எடைமேடையில்
இரவு ஷிஃப்ட் எனக்கு.
எம்-சாண்ட், முக்கால் ஜல்லி, வைக்கோல்,
ஓணத்துக்கு முந்தின வாரமென்றால் வாழைத்தார்.
மலையேறப் போகிற வண்டி ஒவ்வொன்றும்
என் ஜன்னலுக்கு வெளியே
மூச்சடக்கி ஒரு நிமிஷம் நிற்கும்.
சிவப்பு எண்கள் ஓடும், தடுமாறும், நிற்கும்.
நின்ற பிறகுதான் பொத்தானை அமுக்கவேண்டும்.
ஓடும்போதே அமுக்கினால் சீட்டு பொய் சொல்லும்.

சித்திரையில் என் உடம்பு கனத்தது.
ஊரே விசிறிக்கு அடித்துக்கொள்ள
நான் ஸ்வெட்டருக்குள்.
சீப்பில் கைப்பிடி முடி.
மூன்று லாரிக்குக் கூட்டல் தப்பியது.
"தூங்குதியளாக்கா?" என்றான் முதலாளியின் மருமகன்.
தூங்கவில்லை.
தூங்குகிற மாதிரி விழித்திருந்தேன்.

செங்கோட்டை லேபில்
டிஎஸ்எச் பதினொன்று புள்ளி எட்டு.
"அப்போ தைராய்டு கூடிப்போச்சா?" என்றேன்.
"குறைஞ்சுபோச்சு" என்றார் டாக்டர் மைமூன்.
கழுத்தில் இருக்கிறவள் அசந்து கிடக்கிறாளாம்.
மண்டைக்குள் இருக்கிறவன்
எழுந்திரு எழுந்திரு என்று
தொண்டை கிழியக் கத்துகிறானாம்.
இந்த எண், அவன் சத்தம்.

ஐம்பது மைக்ரோகிராம் எழுதினார்.
பத்து கிலோவுக்குக் கீழே
கண்ணே தெரியாது என் மெஷினுக்கு.

ஆறு வாரம். ஏழு புள்ளி ஒன்று.
எழுபத்தைந்து ஆனது.
இன்னும் ஆறு வாரம்.
நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் போன இடத்தில்
புனலூரிலேயே ரத்தம் கொடுத்தேன்.
பேச்சித்தாயைப் பேச்சி என்றும் தாய் என்றும் பிரித்து
இரண்டு பேராக்கிய சீட்டில்
நாலு புள்ளி ஒன்பது.
ஐந்தரை வரை சரி என்றது சீட்டு.
மனசு கேட்காமல் செங்கோட்டையிலும் கொடுத்தேன்.
ஐந்து புள்ளி மூன்று, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
நாலேகாலைத் தாண்டக் கூடாதாம்.
ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒன்றுமில்லை.
எஸ் வளைவு இறங்கினால் நோயாளி.

கொட்டாரக்கரை ஷாஜகான் இப்படித்தான்
வாரம் ஒரு தடவை சண்டைக்கு வருவார்,
அவர்கள் ஊர் மேடையில் நூற்று நாற்பது கிலோ குறைகிறதென்று.
"ஏறின மேடையிலேயே இறங்கணும் அண்ணே.
லோடு இங்க, காலி அங்கன்னு போட்டா
எந்த ஊர் கணக்கும் நிக்காது."

டாக்டரும் அதையே சொன்னார்:
ஒரே லேப், ஒரே நேரம்.
நூறாக்கிவிடுவார் என்றிருந்தேன்.
பேனாவைத் திறந்தவர் மூடிவிட்டார்.
"மாத்திரை எப்போ போடுதீங்க?"
"நீங்க சொன்னபடிதான். காலையில, வெறும் வயித்துல."
"காலைன்னா?"
"ஆறு மணி. ஷிஃப்ட் முடிஞ்சதும்."
"அதுக்கு முன்னாடி?"
மூன்று மணிக்குப் பரோட்டா.
ஐந்தரைக்கு டீ.
மறந்துபோகாமல் இருக்க
இரும்புச்சத்து மாத்திரையும் அதோடு சேர்த்தே.

சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது.

அவர் திட்டவில்லை.
"உங்களுக்கு விடியுதது மத்தியானம் ரெண்டு மணிக்குல்லா?" என்றார்.
இருபது வருஷ ஷிஃப்டில்
எனக்கு எப்போது விடிகிறதென்று
ஒருத்தரும் கேட்டதில்லை.

அதே எழுபத்தைந்துதான்.
இப்போது ரெண்டு மணிக்கு எழுந்ததும்
ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்குகிறேன்.
மூன்று அடிக்கும்வரை
சோற்றுப்பானையின் மூடியைத் தொடவிடமாட்டார் வீட்டுக்காரர்.
இரும்பு, இரவு பத்துக்குப் போய்விட்டது.

இன்றைக்கு இருபத்தாறாம் நாள்.
ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.
முடி கொஞ்சம் குறைவாய்க் கொட்டுகிறது.
சீப்பை மாற்றினேன், அதனாலும் இருக்கலாம்.
நேற்று லேப் வாசல்வரை போய்
பஸ்ஸுக்கு நிற்பவள்போல் நின்று
திரும்பி வந்தேன்.

ஷாஜகான் லாரி மேடையேறுகிறது.
மலைக்காற்றில் தார்ப்பாய் படபடக்க
எண்கள் நாற்பது கிலோ மேலும் கீழும் அலைகின்றன.
ஹார்ன் அடிக்கிறார்.

"நிக்கட்டும் அண்ணே" என்கிறேன்,
பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு.