நான்கு மால் விவரம்

வடக்கே யானைமலை,
கிழக்கே ரிங் ரோடு, விடிய விடிய லாரிகளின் பெருமூச்சு,
தெற்கே மாட்டுத்தாவணிக்குப் போகும் ஷேர் ஆட்டோப் பாதை,
மேற்கே வேலிக்கருவை மண்டிய கண்மாய்க்கரை.
இந்த நான்கு மாலுக்கும் உட்பட்ட நகரில்
இருபத்து மூன்றாம் எண் பிளாட்டின் மாடிப் போர்ஷனில்
குடியிருக்கிறேன்.

வேறு மாதிரி சொல்ல வரவில்லை.
கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங்.
பதினாறு வருடமாகப் பிறத்தியார் நிலத்தின் எல்லைகளை
அடித்து அடித்து
விரலுக்கு இந்த நடைதான் பழகியிருக்கிறது.

லேஅவுட் வரைபடத்தில் பச்சைச் சதுரம்.
ஒன்பது ஆண்டு அது வெறும் பலகை:
'பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட இடம்.'
ஆடுகள் வாசிக்காமலே சரியாகப் புரிந்துகொண்டு மேய்ந்தன.
ஒரு தேர்தலுக்கு முந்திய மாதம்
கம்பிவேலி வந்தது, சறுக்கு வந்தது, இரண்டு ஊஞ்சல்,
கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதை,
வாயைப் பிளந்த பென்குவின் குப்பைத்தொட்டி.
இந்த வெயிலில்,
பென்குவின்.

கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் வந்தால்
மகாலுக்குக் கூட்டிப்போகிறேன்.
தூணைக் கட்டிக்கொண்டு படம் எடுக்கிறோம், கை எட்டுவதில்லை.
தெப்பக்குளத்தில் சுண்டல். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா.
உதட்டில் பாலாடையோடு அவள் மகன் கேட்கிறான்:
"அத்தை, உங்க பென்குவினைப் பார்க்க எப்பப் போறோம்?"

தெற்கிலிருந்து வடக்கே இருபத்தோரு நிமிடம்,
பிறகு வடக்கிலிருந்து தெற்கே இருபத்தோரு நிமிடம்
என்று வாசலில் எழுதியிருக்கிறது.
அழகுமலை அதைக் கேட்டு நடப்பார். ரிட்டயரான கண்டக்டர்,
வளைவுக்கு வளைவு தனக்கே 'ரைட்' கொடுத்துக்கொள்பவர்.
ஜெபராஜ் கேட்க மாட்டார். மின்வாரியம்.
அழகுமலை எந்தத் திசையோ, அதற்கு எதிர்த்திசை.
இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர்,
சுவரில் ஒன்பது அங்குலம்,
ஒன்பது அங்குலத்துக்கு ஆறு வருட வாய்தா.
பிராது நான் அடித்தது.
எதிருரையும் நான்தான்.
பக்கத்துக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி
இருவரும் ஒரே வார்த்தையில் கேட்டார்கள்.
ஒருவரிடம் மற்றவரைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை.

எட்டில் ஒரு சங்கடம் உண்டு.
எப்படி நடந்தாலும்
நடுவில் ஒரு கல் பொது.
அந்த இடம் வந்ததும் ஒருவர் மலையைப் பார்ப்பார்,
ஒருவர் செல்போனைப் பார்ப்பார்.
யானை யாரையும் பார்க்காது.
துதிக்கையை நீட்டிப் படுத்து எத்தனையோ காலமாயிற்று.

ஐப்பசியில் நாலு நாள் அழகுமலை வரவில்லை.
முதல் நாள் ஜெபராஜ் வழக்கம்போல.
இரண்டாம் நாள், பலகை சொன்ன திசையில்.
மூன்றாம் நாள் ஒரு வளையத்தை மட்டும்
சுற்றிச் சுற்றி வந்தார்.
எட்டில் பாதி பூஜ்யம்தானே.
நாலாம் நாள் நடுக்கல்லில் குனிந்து
கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார்.
"டைப் அடிக்கிற பிள்ளைதானே நீ?"
நிமிரவில்லை.
"வாதி எங்கே?"

பெரியாஸ்பத்திரி, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்றேன்.
"வெள்ளிக்கிழமை கேஸ் இருக்கு" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"வாய்தா வாங்கிரச் சொல்லு. நான் ஆட்சேபிக்கலை."

கார்த்திகையில் வந்தார் அழகுமலை.
பாதி வேகம். ரைட் இல்லை.
சட்டை அவரைவிட ஒரு சைஸ் பெரிதாகியிருந்தது.
ஜெபராஜ் எதிர்த்திசையில்தான் வந்தார், செல்போனைப் பார்த்தபடி.
நடுக்கல்லில் ஒதுங்கினார்,
ஒரு கால் புல்லில் இறங்கும் அளவுக்கு.
எவ்வளவு தூரம் என்று என்னைக் கேட்காதீர்கள்.
நான் அளக்கிறவள் இல்லை, அடிக்கிறவள்.

எட்டரைக்குக் காவலாளி விசில் ஊதினான்.
கடலை சுற்றிய காகிதத்தைப் பென்குவினுக்குக் கொடுத்துவிட்டு
வெளியே வந்தேன்.
சுவர் அங்கேயேதான் நின்றது,
இந்தப் பக்கம் ஒரு பல்பு, அந்தப் பக்கம் ஒரு பல்பு.
அடுத்த வாய்தா ஜனவரியில்.
இரண்டு பேருக்கும் நான்தான் அடிக்க வேண்டும்.