நானூறு மடங்கு

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு
சைஃபுல் கொண்டுவந்து வைத்தான்,
ஐஸ் பெட்டிக்குள் ஆறு போத்தல்.
ஐந்தில் தண்ணீர்.
ஆறாவதில் பச்சை.

நிஸ்வாவுக்கு மேற்கே, மலையடியில் கிளம்பி
முதலில் குடிக்க, பிறகு ஒளு செய்ய,
மிஞ்சியது பேரீச்சைக்கு என்று
முறைவைத்து இறங்கும் ஃபலஜ் நீர்.
பள்ளிவாசல் படியில் யாருக்கோ கால் வழுக்கியதாம்.
படிவத்தில் புகாருக்கு ஒரு கட்டம்:
'நிறம்' என்று எழுதியிருந்தது.

நிறம் ஒரு பெயராகுமா?

ஒரு சொட்டு. மேலே கண்ணாடிச் சில்லு.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே, நானூறு மடங்கில்,
யாருக்கும் வியர்க்கவில்லை.

முதலில் தென்பட்டது
யாரும் காத்திராத ஒரு பிறை. குளோஸ்டீரியம்.
இரு நுனியிலும் சின்னக் குமிழ்,
குமிழுக்குள் ஜிப்சம் துகள்கள்
புடைத்த முறத்தில் குருணை மாதிரி
நிற்காமல் துள்ளுகின்றன.
எதற்கென்று
எனக்குப் பாடம் எடுத்தவருக்கும் தெரியாது.

அப்புறம் காஸ்மேரியம்,
இடுப்பில் கயிறு இறுக்கிய எட்டு.
பிரியும்போது ஒவ்வொரு பாதியும்
தனக்கு இன்னொரு பாதியைப்
புதிதாய் வளர்த்துக்கொள்ளும்.
ஆக, எதை எடுத்துப் பார்த்தாலும்
ஒரு பக்கம் மூத்தது.
எந்தப் பக்கம்? சில நாள் சொல்லிவிடலாம்.

கூட்டம் போட்டிருந்தவை மற்றவை:
நாலு செல், தோளோடு தோள்,
ஓரத்து இரண்டுக்கு மட்டும் முள்.
நெரிசல் பெஞ்சில்
கடைசியில் உட்கார்ந்தவனுக்கு
முழங்கை வெளியே நீளுமே, அப்படி.
கல்லூரியில் சீனடெஸ்மஸ் என்று படித்திருந்தேன்.
அதையே எழுதி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது,
மஸ்கட்டிலிருந்து, சிவப்பில் ஒரு வரியோடு:
இந்தப் பெயர் இப்போது இதற்குச் செல்லாது.

முள் உள்ளவை டெஸ்மோடெஸ்மஸ்.
முள் இல்லாதவற்றில் பாதி
வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டன.
மரபணுவை எழுத்துக்கூட்டிப் படித்தார்களாம்.
பிறையும் எட்டும்
இந்த நாலு பேருக்குக் கிட்டத்துச் சொந்தமே இல்லை,
வாய்க்கால் கரையில் நிற்கும் பேரீச்சைக்குத்தான்
பங்காளி முறை.
ஒரே சொட்டு, ஒரே பச்சை,
நடுவே ஏறக்குறைய நூறு கோடி வருடம்.

அறிக்கையின் அடியில் ஆய்வாளர் பெயர்:
மிஸ்டர் பிச்சையா.

அது அப்பா.
நான் அறவாழி.
சான்றிதழில் பி. அறவாழி;
முன்னால் ஓர் எழுத்து, பின்னால் ஆள்.
குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கக்கூடாதென்று
ஏஜென்ட் அவரைப் போட்டு நிரப்பினார்.
சேர்ந்த அன்று எச்.ஆர். மேசையில்
'பிஷையா!' என்று கூப்பிட்டார்கள்.
நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்,
இவர் எப்போது வந்தார் என்று.
கடலைத் தாண்டாத மனிதர்
பதினோரு வருடமாய் இந்த லேபில் வேலை பார்க்கிறார்.
ஓவர்டைம்கூட வாங்குகிறார்.

பேரினம் முன்னே, சிற்றினம் பின்னே.
பாசிக்கு அந்த ஒழுங்கை
யாரும் மாற்றச் சொன்னதில்லை.

திருத்தினேன். டெஸ்மோடெஸ்மஸ்.
சிற்றினத்தின் இடத்தில் எஸ்.பி. என்று மட்டும் போட்டேன்,
இன்னாரென்று தெரியாதவர்களுக்காக
விட்டுவைத்த இரண்டெழுத்து.

அடுத்த சொட்டைக் கண்ணாடியில் விட்டேன்.
தனியே வளர்த்தால் நாலும் பிரிந்து
ஒற்றை ஒற்றையாகிவிடுமாம்.
தின்னவரும் நீர்ப்பூச்சியின் வாடை பட்டால்
மறுபடி ஒட்டிக்கொள்ளும்.
வாடை போதும். பூச்சி வரவேண்டுமென்றில்லை.

எங்கள் அறையில் நாலு கட்டில்.
நாலு ஸ்டவ், நாலு உப்பு டப்பா.
சம்பளம் தள்ளிப்போகும் மாதம் மட்டும்
ஒரே பாத்திரத்தில் பொங்குகிறோம்.

'விஷமா?' என்றான் சைஃபுல்.
இல்லை. படியைத் தேய்த்துக் கழுவச் சொல்.
'பேர்?'
சொன்னேன்.
இரண்டு தரம் வாயில் உருட்டிப் பார்த்துவிட்டு
'ஷேவ்லா' என்றான் வங்காளத்தில்.
பாசி, என்றேன்.
'பாஷி' என்று தலையாட்டினான்.

ஆறு காலிப் போத்தலோடு கிளம்பியவன்
வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.
போத்தல் கொடுத்ததற்கு
மிஸ்டர் பிச்சையாவின் கையெழுத்து வேண்டுமாம்.
போட்டுக்கொடுத்தேன்.