ஆயிரத்து நானூறு, மூணாறு தலைப்பு

காலை ஆறு மணிக்கு அளவுகோலைப் பார்த்து
வெண்ணாற்றில் இவ்வளவு, கோரையாற்றில் இவ்வளவு,
பாமணியாற்றில் இவ்வளவு என்று
பதிவேட்டில் எழுதுகிறவள் நான்.
நீடாமங்கலம் வந்து பதினோரு வருஷம்,
ஒரு எண்ணைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை.
சொந்த உடம்புக்குத்தான் பொய்க்கணக்கு எழுதினேன்.

எடை எண்பத்தொன்று. உயரம் நூற்று ஐம்பத்தெட்டு.
வயது நாற்பத்து மூன்று.
எடையைப் பத்தால் பெருக்கு,
உயரத்தை ஆறேகாலால் பெருக்கிச் சேர்,
வயதை ஐந்தால் பெருக்கிக் கழி,
பெண்ணாய்ப் பிறந்ததற்கு
இன்னுமொரு நூற்று அறுபத்தொன்றைக் கழி.
ஆயிரத்து நானூற்று இருபத்தொன்று:
நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும்
மூச்சுக்கும் நெஞ்சுத் துடிப்புக்கும் போகிற பங்கு.

அடுத்த கேள்வி, எவ்வளவு உழைக்கிறாய்?
மிதமாக, என்று போட்டேன்.
மதகுக்கும் மேசைக்கும் நடக்கிறேனே,
ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேனே.
ஒன்று புள்ளி ஐந்து ஐந்தால் பெருக்க
இரண்டாயிரத்து இருநூறு வந்தது.
அந்தச் சந்தோஷத்தில் ஒரு உளுந்துவடை.

மதகைத் தூக்குவது ஜெகபர் அலி.
நான் எழுதுவதோடு சரி.
வடையின் எண்ணெய் விரலில் காயுமுன்னே
அடித்துத் திருத்தினேன்:
உட்கார்ந்த வேலை, ஒன்று புள்ளி இரண்டு.
ஆயிரத்து எழுநூறு.
ஒரு பேனாக் கோட்டில் ஐந்நூறு வற்றிப்போயிற்று.

பிறகு ரோஷம்.
தொள்ளாயிரம் போதும் என்று எட்டு நாள்.
காலையில் மூன்று இட்லி,
மத்தியானம் கைப்பிடிச் சோறு, ராத்திரி ஒரு கொய்யா.
ஒன்பதாம் நாள் ஆற்றுப் படிக்கட்டில் கண் இருட்டியது.
ஏழாவது படியில் உட்கார்ந்தபடி
எண்ணைக் கத்திச் சொன்னேன்,
ஜெகபர் அலி எழுதிக்கொண்டார்.
வீட்டில், சீப்பில், சுருள் சுருளாய் முடி.

அன்றைக்கென்று பார்த்துத் தலைஞாயிறிலிருந்து போன்.
உத்திராபதி.
"மேடம், நீங்க தலைப்புல அரை அடி இறக்குனீங்கன்னா
இங்க வாய்க்கால்ல நண்டு நடக்குது மேடம்."
முறை வைத்துத்தான் விடுகிறோம் என்று
வழக்கமான பதிலைச் சொல்லி வைத்தேன்.
வைத்த கை தலைக்குப் போயிற்று.
முடி, நகம், மாசாமாசம் வரவேண்டியது,
எனக்கும் ஒரு கடைமடை இருக்கிறது.
தலைப்பில் அடைத்தால்
முதலில் வெடிப்பது அந்த மண்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் நூர்ஜஹான்
ரத்தம் பார்த்தார், தைராய்டு பார்த்தார்,
என் தாளையும் வாங்கிப் பார்த்தார்.
"ஆயிரத்து எழுநூறுல முந்நூறு கழிங்க. அவ்வளவுதான்."
ஆயிரத்து நானூறு.
இருபத்தாறு நாளுக்கு ஒரு கிலோ.
சீ, இவ்வளவுதானா என்றிருந்தது.
ஜூன் பன்னிரண்டில் மேட்டூர் திறந்து
ஜனவரி இருபத்தெட்டில் மூடினால்
இருநூற்று முப்பது நாள்;
ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
ஒரு போகத்துக்கு அது மோசமில்லை.

காலைக்கு முந்நூற்று ஐம்பது, மதியம் ஐந்நூற்று ஐம்பது,
இரவுக்கு நானூறு, டீக்கு நூறு.
மூன்று ஆறும் ஒரு வாய்க்காலும்.

கசிவைத்தான் பிடிக்க முடியவில்லை.
தாளிக்கையில் கூடச் சாய்கிற எண்ணெய்,
உப்புப் பார்க்கிற சாக்கில் மூன்று கரண்டி,
கவின் மிச்சம் வைத்த முறுக்குத் துண்டு.
ஆற்றில் கசிவென்றால் வெளியே போகும்.
எனக்கு உள்ளே வருகிறது.

இன்று வலங்கைமானில் கல்யாணம்.
இரண்டாயிரத்து நூறு என்று எழுதிவிட்டேன்,
வழக்கமான நீல மையில்தான்.
கோடு போட்ட கடைசிக் கட்டத்தில்
குறிப்பு:
பால் பாயசம், இரண்டு முறை.