சும்மா இருக்கும்போது

தட்டிக்கொண்டிருக்கும் வரை ஒரு குறையும் இல்லை.
தாராவியின் பதினாறு பைக்கடைகளுக்கும்
ஜிஎஸ்டி கணக்கை ஒரே மூச்சில் விழுங்கும்.
எழுந்து போனால்தான்
திரை கறுத்து, விசிறி ஒருமுறை விம்மி,
செத்துவிடும்.

லாமிங்டன் ரோட்டில்
மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் பர்வேஸ்
இந்தியில் கேட்டார்:
என்ன செய்யும்போது நிற்கிறது?
ஒன்றும் செய்யாதபோது, என்றேன்.
பல்லில் திருகாணியைக் கடித்தபடி நிமிர்ந்தார்.
எழுதி வையுங்கள், எப்போதெல்லாம் என்று.

எழுதினேன், கேஸ் ரசீதின் பின்புறம்.

திங்கள், 9.40. பால் வைக்கப் போனேன். பதினோரு நிமிடம்.
செவ்வாய். தண்ணீர் வந்துவிட்டதென்று கீழ்வீட்டு சாயா கத்தினாள்.
இரண்டு டிரம் நிரம்பி, மூன்றாவது பாதியில்.
செவ்வாயே, மாலை. காரணம் ஞாபகமில்லை.
புதன் நிற்கவில்லை. புதன்கிழமை நான் எழவே இல்லை.
வியாழன், ஒன்பது நிமிடம்:
ஜன்னலில் நின்று குர்லா பக்கம் போகும் ரயில்களை
எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதற்கு நேரே என்ன எழுதுவதென்று தெரியாமல்
மழை என்று போட்டேன்.

இடையில் கைவைத்தியமும் நடந்தது.
ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் பொருத்தினேன்.
பேட்டரியை எடுத்துவிட்டு நேர் கரண்டில் ஓட்டினேன்.
விண்டோஸையே அழித்து மறுபடி ஏற்றினேன்;
ஏறிய இரண்டு மணி நேரமும் கல் மாதிரி இருந்தது.
ஏறி முடிந்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டுவிட்டு
நான் டீயோடு வருவதற்குள் போய்விட்டது.

ரசீதில் தமிழ். நானே வாசித்துக் காட்டினேன்.
மழைக்கு வந்ததும் பர்வேஸ் நிறுத்தினார்.
மழைக்கு ஒன்பது நிமிடமா?
ஆமாம், என்றேன்.
மேலே கேட்கவில்லை.

வேலை இல்லை என்றதும் இது
ஆழத் தூங்கப் பார்க்கிறது, மேடம்.
மூச்சைக் குறைக்கிறது, இன்னும் குறைக்கிறது,
திரும்பி வரும் அளவுக்கு மிச்சம் வைப்பதில்லை.
போர்டு மாற்றினால் ஒன்பதாயிரம்.
முடியாதென்றால் தூங்கவிடாதீர்கள்.

எப்படி?

என் மணிக்கட்டைக் கண்ணால் காட்டினார்.

இப்போது மவுஸ்
என் கைக்கடிகாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
அடியில், சிவப்பு வெளிச்சத்தில், நொடிமுள் ஓட ஓட
திரையில் அம்புக்குறி மயிரிழை நடுங்குகிறது.
யாரோ இருக்கிறார்கள் என்று நம்பி
இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறது,
தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.

நேற்று ஜன்னலில் நின்றேன்.
எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை; எழுதத் தேவையில்லை.
ரயில்கள் விளக்குப் போட்டுக்கொண்டு வரத் தொடங்கியிருந்தன.
மாடிப்படியிலிருந்து சாயா, மணி என்ன என்றாள்.
கடிகாரம் மவுஸுக்கு அடியில்.
எடுத்துப் பார்க்கலாம்தான்.

இருட்டிவிட்டது, என்றேன்.