பன்னு

அவன் பெயரை எழுதக் கூடாது.
உத்தரவின் தலையில் இருப்பது இவ்வளவுதான்:
சட்டத்துக்கு முரண்பட்ட சிறார், வயது பதினாறு,
பொதட்டூர்பேட்டை.
நாற்பத்தைந்து நாள் உள்நோயாளியாக வைத்து
மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீட்கவும்.
வாரம் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை.
கீழே வாரியத்தின் முத்திரை, கொஞ்சம் சாய்ந்து.

முரண்பட்ட சிறாரின் காலில்
என் கொழுந்தன் பிள்ளை போடுகிற அதே ரப்பர் செருப்பு.

காவலுக்கு ஏகாம்பரம்.
சீருடையில் வரக் கூடாதென்று விதி.
கோடு போட்ட சட்டைக்கு மாறியிருந்தார்,
பழுப்பு ஷூ மாறவில்லை.
பள்ளிப்பட்டு வார்டில் பத்துக் கட்டிலுக்கும் தெரியும்.

ஒன்பது நாள் நான் எழுதியதைத் திருப்பிப் படிக்கிறேன்:
வாந்தி. பேதி. குளிர். மூக்கொழுகல்.
நகரி மூக்கு மலை தெரிகிற சன்னலின்
கம்பியைப் பிடித்து உலுக்கினான்.
ஐந்தாம் நாள், அம்மாவைத் திட்டினான், தமிழில்.
ஆறாம் நாள், அழுதான், தெலுங்கில்.

தறி ஓட்டும் வீடு.
ராத்திரி ஷிஃப்டில் இடுப்பு தாங்கட்டும் என்று
யாரோ ஒரு அண்ணன் கொடுத்தது முதல் மாத்திரை.
வலிக்கான மாத்திரைதான்.
அட்டையில் பொய் எதுவும் அச்சடிக்கவில்லை.
அப்புறம் தண்ணீரில் கரைத்து, ஊசியில்.
அப்புறம் பாவு நூல் பைக்கடியில் நாற்பது அட்டை,
எல்லை தாண்டி வந்த பஸ்ஸில்.

பத்தாம் நாள் ராத்திரி இரண்டரை மணி.
நான் நான்காம் கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்தேன்.
கன்னத்தைத் தலையணையில் அழுத்தி
பன்னு, பன்னு என்று முனகியிருக்கிறான்.
ஏகாம்பரம் மதுராந்தகத்துக்காரர்.
கஞ்சியைக்கூடத் துப்பிய பையன்
வாய்விட்டு ஒன்று கேட்கிறானே என்று
என்னிடம் கண்ஜாடை காட்டிவிட்டு
பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு ஓடினார்.
வாங்கி வந்தார்:
மேலே சர்க்கரை தூவி, நடுவில் சிவப்பாய் டூட்டி ஃப்ரூட்டி.

அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு
அவரைப் பார்த்தான்.
சிரித்தான்.
சிரித்த வாயை மூட முடியாமல் அழுதான்.
"பிடிக்கலையாப்பா? கிரீம் பன்னு வேணுமா?"

நான் வாக்கப்பட்டது சத்திரவாடாவில்.
நோரு தெரு என்றேன்.
டார்ச் வெளிச்சத்தில்
கீழ்வரிசை, வலப்பக்கம், கடைசிக்கு முந்தினது,
பல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாய் ஒரு குழி.
ஈறு வீங்கிப் பளபளத்தது.
பத்து நாள் சமாச்சாரமா இது?
ஒன்றரை வருஷமாய் அந்தக் குழி
கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.
மாத்திரை அதன் வாயைப் பொத்திவைத்திருந்தது.
பொத்திய கையைத்தான் நாங்கள்
விரல் விரலாய்ப் பிரித்தெடுத்திருக்கிறோம்.

பல் டாக்டர் வியாழக்கிழமைதான்,
அதுவும் திருத்தணியில்,
அழைத்துப்போக வாரியத்தின் கையெழுத்து வேண்டும்.
டியூட்டி டாக்டர் தூக்கக் குரலில் சொன்னார்,
பாராசிட்டமால் ஒண்ணு குடுங்க சிஸ்டர், எழுதி வைங்க.

என் உள்ளங்கையில் வெள்ளையாய் ஒன்று.
அவன் வாங்கவில்லை.
ரிப்போர்ட்ல வரும்க்கா.
வராது.
வந்தா முதல் நாள்லேர்ந்து மறுபடி எண்ணுவாங்க.
இது வேற மாத்திரைடா.
அதையும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.

பதினெட்டு வருஷ சர்வீஸ்.
இதற்கு என்னிடம் பதில் இல்லை.
அட்டையை நீட்டினேன்.
எட்டாவதோடு நின்றவன்
டார்ச்சைத் தானே பிடித்து எழுத்துக் கூட்டினான்.
பா. ரா. சி.
பிறகு மாத்திரையை நகத்தால் இரண்டாய் உடைத்து
ஒரு பாதியை என்னிடம் நீட்டினான்.

நீங்க முதல்ல.

விழுங்கினேன்.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்,
அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்து வருஷங்களாகிறது.
பிறகுதான் தன் பாதியைப் போட்டுக்கொண்டான்.

இரண்டு ஐம்பது. பாராசிட்டமால், அரை.
இன்னொரு அரைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

காலையில் பாலில் நனைத்து
இடப்பக்கமாக ஒதுக்கி ஒதுக்கித் தின்றான்.
ஏகாம்பரம் ஷூவைக் கழற்றி
பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டுக் கேட்டார்,
பன்னு எப்படிப்பா இருக்கு?

எந்தப் பன்னு என்று அவன் கேட்கவில்லை.
வலிக்குது சார் என்றான், மென்றுகொண்டே.