முக்கால் மில்லி

இரண்டாம் ஷிஃப்ட் முடிய இருபது நிமிடம் இருக்கையில்
திம்மராயன் என் லேத் பக்கம் வந்து நின்றான்.
மார்ச்சுக்குப் பிறகு முதல் முறை.
கைக்குட்டைக்குள் ஏதோ கனம்.

பித்தளைக் குழாய், உள்ளங்கை நீளம்.
கடையில் விற்கத் தடை என்பதால்
அவனே கடைந்தது.
பீடியை விட்டு ஏழு வாரமாம்.
மேலே சுருள் கம்பி, கொஞ்சம் பஞ்சு,
கீழே ஒரு பட்டன்.
சர்க்கியூட் கிடையாது, சிப் கிடையாது.
அழுத்தினால் சூடாகணும், விட்டால் அணையணும்.
இருக்கிற சட்டமே அவ்வளவுதான்.

"விட்டாலும் அணைய மாட்டேங்குது மச்சா."
பேன்ட்டின் வலது பையைக் காட்டினான்,
அஞ்சு ரூபாய்க் காசளவு கருகல்.
ஜூஜூவாடி பஸ்ஸில்,
அதிசயமாய் சீட் கிடைத்த அன்று.

நான் புகைக்கிறவன் இல்லை.
பட்டனை மட்டும் பார்த்தேன்.

பேனா ஸ்பிரிங் போட்டிருந்தான்.
கரன்ட் போகவேண்டிய வழியில் போகாமல்
அதன் வழியே போயிருக்கிறது.
நீலம் பாய்ந்து, சுருண்ட பலம் அத்தனையும் போய்
கொதித்த சேமியா மாதிரி கிடந்தது.
துளை முழுக்கப் பிசிர்.
"ரீமர் போடலையா?"
"போடலை."
பெர்மனென்ட் ஆனவங்க ரீமர் போடமாட்டாங்க போல
என்று நாக்கின் நுனிவரை வந்தது.

அவன் கழுத்தில் நீலப் பட்டை.
என் கழுத்தில் இன்னும் மஞ்சள்.
ஒரே நாளில் கேட்டுக்குள் வந்தவர்கள்,
ஒரே டோக்கனில் இரண்டு டீ வாங்கத் தெரிந்தவர்கள்.
பட்டியலில் ஒரு பெயர்தான் என்றார்கள்.
அது எந்தப் பெயர் என்று
எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருந்தது,
நான்கு நாள் என்னோடு டீ குடித்தபடியே.
அதுதான்.
வேறு சண்டை ஒன்றுமில்லை.

ஸ்பிரிங்கை ஸ்கிராப் தொட்டியில் எறிந்தேன்.
செத்துப்போன ஒரு ஹெட்போனை உடைத்து
இரண்டு வளையக் காந்தம் எடுத்தேன், சட்டைப் பொத்தான் அளவு.
ஒன்று பட்டனின் முதுகில்,
ஒன்று அதற்கு எதிரே குழாயில்,
வடக்கும் வடக்கும் முகம் பார்க்கும்படி.
விரல் தள்ளினால் நெருங்கும்,
விரல் போனால் பொறுக்காமல் விலகும்.
"ஒட்டிக்காதே?"
"ஒரே மாதிரி இருக்கிறது ஒட்டாது."
அவன் எண்ணெய்த் தட்டைப் பார்த்தான்.
நான் வெர்னியரைப் பார்த்தேன்.

முக்கால் மில்லி இடைவெளி வைத்தேன்.
கூடினால் கட்டைவிரல் வலிக்கும்,
குறைந்தால் இன்னொரு பேன்ட்.

பிறகுதான் கவனித்தேன், குழாயில் துளை இல்லை.
பேட்டரி பழைய லேப்டாப்பிலிருந்து உரித்தது.
அது ஒருநாள் கோபித்துக்கொண்டால்
காற்றுப் போக வழி வேண்டும்.
அவன் வைக்கவில்லை. அவனுக்குத் தெரியாது.
பட்டனைத்தானே சரிசெய்யச் சொன்னான்.
தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது
எவ்வளவு சுலபம் என்று
அப்போது எனக்கும் தெரிந்தது.
இரண்டு மில்லி டிரில்லைப் பிடித்துக்கொண்டு
நான் நின்ற நேரத்தில்
கூலன்ட் சொட்டி ஒரு ஷூ நனைந்துவிட்டது.

மூன்று துளை போட்டேன்.
பிசிரும் எடுத்தேன்.

டிக்.
விட்டால், டிக்.
பேட்டரி போடாமலே பத்துப் பதினைந்து தடவை அழுத்தினான்,
பிறகு நானும் வாங்கி அழுத்தினேன்.
என் வேலை என்பதற்காகச் சொல்லவில்லை,
நல்ல பட்டன்.

கேட்டுக்கு வெளியே ஓசூர் பனி.
அவன் விட்ட புகை எது, பனி எது என்று தெரியவில்லை,
கொய்யா வாசனை மட்டும் தனியாக நின்றது.
"எவ்வளவு தரட்டும்?"
"ஒண்ணும் வேண்டாம்."
கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னான்:
"அந்த ஸ்பிரிங்கு உன் பேனாவோடது.
ஆர்டர்ல கையெழுத்துப் போட வாங்கினேனே, அது."

அது இப்போது பித்தளைச் சுருளுக்கு அடியில் கிடக்கும்.
காலையில் எடைக்குப் போகும்.

பஸ் வந்தது. சீட் இல்லை.
ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்,
நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம்.
மூக்கண்டபள்ளியில்
ரோஜாக் கட்டோடு ஒரு பெண் ஏறி
"கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணா" என்றாள்.
இரண்டு பேரும்
ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டோம்.