பதினான்குக்கு இருபத்திரண்டு

அங்குலக் கணக்கு. அளந்தவன் ஃபெர்மின்.
கேம்பரை எங்களுக்கு விற்ற ஆள்
குளியலறைக் கூரையைக் காட்டி
"வெளிச்சம் இலவசம்" என்றான்.
யூமாவில், ஜூன் மாதத்தில்,
இலவசமாக வரும் எதையும் நம்பக்கூடாது.

இரவு ஒன்றுக்கு வேலைக்குப் போகிறேன்.
முலாம்பழக் குளிர்கிடங்கு. மூன்று டிகிரி.
காலில் இரண்டு ஜோடி உறை,
பெட்டியின் மேல் பெட்டி,
மூக்கு நுனி என்னுடையதில்லை.
காலை பத்துக்குத் திரும்பிக்
குளியலறைக் கதவைத் திறந்தால்
உள்ளே ஏற்கனவே யாரோ இருப்பதுபோல்
முகத்துக்கு நேரே ஒரு மூச்சு.

அண்ணாந்தால் அந்தப் பிளாஸ்டிக் குமிழ்.
அதன் வழியே இறங்குகிற சூரியனுக்குத்
துண்டு வேண்டாம், செருப்பு வேண்டாம், கூச்சம் கிடையாது.
சோப்பு குழைந்து கிடக்கிறது.
சீப்பு ஒருபக்கமாய் வளைந்துவிட்டது.
பற்பசை சூடாக வருகிறது.
கமோடின் இருக்கையைப் பற்றி
நான் எதுவும் எழுதப்போவதில்லை.

வெளிச்சம் அங்கேயும் நிற்பதில்லை.
கதவின் அடியில் படுத்து நுழைந்து
கட்டில்வரை நீள்கிறது.
பகலில் தூங்குகிறவளின் இமைமேல்
எத்தனை நேரம் விரலை வைத்திருக்கும் ஒரு வெயில்?

முதலில் ஈரத்துண்டு, துணிக் கிளிப்புகளோடு.
ஒரு மணி நேரத்தில் காய்ந்து
ஃபெர்மினின் சோப்பு நுரைத் தலையில் விழுந்தது.
அடுத்து, கடையில் விற்கும் மெத்தை மூடி.
இருட்டு கிடைத்தது. சூடு போகவில்லை.
குமிழுக்கும் மெத்தைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு
பிளாஸ்டிக்கில் மயிரிழை மயிரிழையாய்க் கீறியது.
திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினால்
வேறென்ன நடக்கும்.

வெள்ளை பெயின்ட் அடி என்றார் பக்கத்து வரிசை தர்லோ.
வாடகைக்கு விடும்போது என்ன சொல்வீர்கள் என்றும் அவரே கேட்டார்.

ஃபெர்மினுக்குப் பகல் வேலை,
லெட்யூஸ் வயல்களில் குழாய் பழுது.
எங்கள் இருவருக்கும் பொதுவாக
ஒரு நாளில் நாலைந்து மணி நேரம்.
அதில் பாதி
யார் எதை எங்கே வைத்தார்கள் என்பதிலேயே போய்விடும்.
அந்த வாரம் அதுகூட இல்லை.
வாய் திறந்தால் சண்டை என்பதால் இருவரும் மூடியிருந்தோம்.

செவ்வாய் இரவு ஒன்பதுக்கு ஏணி வைத்தான்.
கூரைத் தகடு அப்போதும் சுட்டது; முழங்காலுக்குக் கீழே தலையணை,
பல்லிடுக்கில் டார்ச்.
நான் உள்ளே, ஷவர் தொட்டிக்குள் ஸ்டூல் போட்டு.
"விளிம்பு எங்கே முடியுது, காட்டு."
உள்ளங்கையைக் குமிழில் அழுத்தினேன்.
மேலிருந்து அவன் கையும் அதே இடத்தில் வந்து அமர்ந்தது.
நடுவில் கீறல் விழுந்த பிளாஸ்டிக்,
இன்னும் வெதுவெதுப்பாக.
அளவெடுக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.
"பதினான்கு" என்றான் கடைசியில்.
"இருபத்திரண்டு" என்றேன்.

குமிழுக்கு ஒரு சாண் மேலே,
நாலு காலில், வெள்ளைத் துணி கட்டினான்.
அடியில் காற்று போக வழி விட்டு.
வெயிலை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும், அதுதான் சூட்சுமம்.
உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய குமிழித்தாளை நான் வெட்டினேன்.
ஓரத்தில் கத்தரியின் முனை நழுவி
ஒரு துளை.
டேப் எடுத்தான். வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால்
எனக்கும் தெரியாது.

இப்போது நண்பகலில் குளியலறை
வெறும் வெப்பமான அறை. அவ்வளவுதான். பெருமைப்பட ஒன்றுமில்லை.
ஆனால் தூங்குகிறேன்.

மாலை ஐந்தை நெருங்கும்போது
துணிக்கு அடியில் சாய்வாய் நுழையும் கதிர்
அந்தத் துளையைக் கண்டுபிடித்துவிடுகிறது.
சுவரில் ஒரு பட்டாணி அளவு வெளிச்சம்.
வட்டம்; கத்தரி கிழித்த வடிவமில்லை,
சூரியனின் வடிவம்.
வெளியே அது இறங்க இறங்க
உள்ளே இது ஏறுகிறது,
குழாயைத் தாண்டி, துண்டுக் கொக்கியைத் தாண்டி.
பல் துலக்கியபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.
கண்ணாடியின் கீழ்விளிம்பைத் தொடும்போது
சரளைக் கல்லில்
அவன் வண்டிச் சக்கரம்.

நேற்று கண்ணாடியைத் தாண்டியும் வரவில்லை.
வாயில் நுரையோடு
வெளியே போய்ப் பார்த்தேன்.